எனுகுப் பெண்ணுக்குச் சொகோட்டோவில் சேவை ஆண்டு: ஏற்கலாமா, மாற்றல் கேட்கலாமா?

லாகோஸ் கணக்காளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லாகோஸில் என்னுடன் கணக்குப் பிரிவில் பணிபுரியும், இக்போ இனத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் தங்கை, எனுகுவில் நுண்ணுயிரியலில் பட்டம் பெற்று, தேசிய இளைஞர் சேவைப் படையின் அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்தார். அண்மையில் அந்தக் கடிதம் வந்தது. அவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் மாநிலம் சொகோட்டோ. நைஜீரியாவின் தென்கிழக்கில் பிறந்து வளர்ந்து, நைஜர் ஆற்றுக்கு வடக்கே ஒருமுறைகூடப் போயிராத அந்தப் பெண்ணை வடமேற்கு மூலைக்கு ஓராண்டு அனுப்புவதை நினைத்து வீடே கலங்கியிருக்கிறது. முகாமில் கால் வைத்த அன்றே மாற்றல் கேட்டுவிட வேண்டும் என்கிறார் தாய். போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார் அண்ணன். அந்தப் பெண்ணோ இரண்டுக்கும் நடுவே நின்று எதுவும் சொல்லாமல் இருக்கிறார்.

இந்தச் சேவையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நைஜீரியாவில் பல்கலைக்கழகத்திலோ பாலிடெக்னிக்கிலோ தேர்ச்சி பெறும்போது முப்பது வயதைத் தாண்டாதவர்கள் நாட்டுக்கு ஓராண்டு சேவை செய்தாக வேண்டும். சொந்த மாநிலத்தில் அல்லாமல் வேறொரு மாநிலத்தில் பணியாற்ற வேண்டும் என்பதே அதன் அடிப்படை. முதல் மூன்று வாரம் பயிற்சி முகாம். எஞ்சிய காலம் பள்ளியிலோ அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ பணி. முடிவில் கிடைக்கும் சேவைச் சான்றிதழ் இல்லாமல் இங்கே முறையான வேலை எதற்கும் விண்ணப்பிக்க இயலாது. ஆகவே போகாமலே இருந்துவிடுவது என்ற பேச்சுக்கு இடமில்லை.

நம் குழுமத்தில் வட மாநிலங்களில் ஆசிரியர்களாகவும் பொறியாளர்களாகவும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் இருக்கிறீர்கள். மொழி, உணவு, தங்குமிடம், தனிமை ஆகியவற்றை இந்த இளைஞர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் நீங்கள். நீங்கள் எழுதுவதை ஆங்கிலத்தில் சொல்லி அந்தக் குடும்பத்திடம் சேர்ப்பேன்.


கானோ ஆசிரியர் எழுதியது:

ஐயா, கானோவில் மேல்நிலைப் பள்ளியொன்றில் நெடுங்காலம் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒவ்வொரு ஆண்டும் எங்கள் பள்ளிக்கு இந்தச் சேவை இளைஞர்கள் வருவார்கள். ஊரார் அவர்களைக் ‘கோர்ப்பர்’ என்று அழைப்பார்கள். ஆசிரியர் பற்றாக்குறையால் அவர்கள் இல்லாமல் பல வகுப்புகள் நடந்திருக்கவே முடியாது. ஆகவே அவர்கள்மீது எனக்குத் தனிப்பட்ட நன்றியுணர்வு உண்டு.

முதலில் அந்தத் தாயின் அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. 1966இல் வட நகரங்களில் இக்போ மக்கள் பெருந்திரளாகக் கொல்லப்பட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் உடைமைகளை விட்டுவிட்டுக் கிழக்கே ஓடினார்கள். கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிந்ததால் அடுத்த ஆண்டு தொடங்கிய போர் 1970 ஜனவரியில்தான் முடிந்தது. எனுகுவில் அந்த நினைவைச் சுமக்காத குடும்பம் அரிது. இந்தச் சேவைத் திட்டமே அந்தக் காயத்துக்கு மருந்தாக எண்ணித் தொடங்கப்பட்டதுதான். போர் முடிந்தபோது வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று அறிவித்த ஜெனரல் யாகூபு கோவோனின் அரசு, 1973 மே 22 அன்று ஆணை எண் 24இன் மூலம் இதை ஏற்படுத்தியது. ஒருவரையொருவர் கொன்ற இனங்களின் பிள்ளைகள் ஒருவர் ஊரில் ஒருவர் ஓராண்டு வாழட்டும் என்பதே அதன் உட்கருத்து. அந்தத் தாயிடம் பேசும்போது, அவருடைய அச்சத்தின் வேரை நீங்கள் அறிவீர்கள் என்று முதலில் காட்டுங்கள். அதன் பிறகு சொல்வதை அவர் கேட்பார்.

இனி அந்தப் பெண்ணுக்கு. முகாமைக் கண்டு அஞ்ச வேண்டாம். விடியுமுன் ஊதுகொம்பு ஒலிக்கும். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்து அணிவகுக்க வேண்டும், படைவீரர்கள் அதட்டுவார்கள், கயிறு ஏற வேண்டும். மாலையில் மாமி மார்க்கெட் என்னும் முகாம் அங்காடியில் எல்லா வட்டார உணவும் கிடைக்கும். அங்கே எல்லோருமே புதியவர்கள். எனவே ஒருவரும் தனித்து நிற்பதில்லை. சேவை ஆண்டைப் பற்றி வெளியே பேசப்படுவதெல்லாம் முகாமைப் பற்றியதாகவே இருப்பதால், பெற்றோரும் பிள்ளைகளும் அதற்கே ஆயத்தமாகிறார்கள். உண்மையான சோதனை முகாம் முடிகிற நாளில், கையில் பணியிடக் கடிதத்துடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெயர் தெரியாத ஊருக்கு வண்டி ஏறும்போதுதான் தொடங்குகிறது. அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

நான் பார்த்தவரை, முதல் இரண்டு மூன்று வாரங்களில் அந்த இளைஞர் எங்கே தங்குகிறார், யாருடன் உண்கிறார் என்பதே அந்த ஆண்டு எப்படிப் போகும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. வட நகரங்கள் பலவற்றில் சபோன் காரி என்னும் வந்தேறிகள் குடியிருப்பு உண்டு. தெற்கத்தியக் கடைகள், தேவாலயங்கள், இக்போ வணிகர்கள், பழகிய சமையல் என எல்லாம் அங்கே இருக்கும். புதிதாக வருகிற தென்னாட்டுப் பிள்ளைகள் நேராக அங்கே போய் அடைக்கலம் புகுவார்கள். முதல் வாரம் அது தேவைதான். ஆனால் ஆண்டு முழுவதும் பள்ளிக்கும் சபோன் காரிக்கும் மட்டுமே நடந்தவர்கள், வந்த அன்று என்னென்ன அச்சங்களை வைத்திருந்தார்களோ அவற்றை அப்படியே திரும்பக் கொண்டுபோனார்கள். பள்ளியின் அருகே, ஊர்க்காரர்களின் வீடுகளுக்கு இடையே அறை எடுத்தவர்கள் தொடக்கத்தில் மிகவும் திணறினார்கள். ஆனால் போகப்போக அவர்கள்தான் ஊரில் ஊன்றி நின்றார்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பாடமொழி ஆங்கிலமாக இருந்தாலும், வடக்கின் கிராமப்புறப் பள்ளிகளில் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்குள்ள பொதுமொழியான ஹவுசா இல்லாமல் எதுவும் சென்று சேராது. முழுமையாகப் பேசக் கற்க வேண்டியதில்லை. காலை வணக்கம், உறக்கம் எப்படி, வீட்டார் நலமா, வேலை எப்படி என்று வரிசையாக விசாரிக்கும் அந்த நீண்ட வணக்கமுறையை மட்டும் முதலில் பழகிக்கொள்ளட்டும். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு அது வீண் நேரமாகத் தோன்றும். இங்கே அதைத் தவிர்த்துவிட்டு நேராகக் காரியத்துக்கு வருகிறவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வளர்ப்பு சரியில்லாதவராகவே எண்ணப்படுவார். மூத்தவர்களிடம் சற்றுக் குனிந்து பேசுவது, பொருளை வலக்கையால் வாங்குவது, பெண் ஓர் ஆணிடம் கை குலுக்கக் கை நீட்டாதிருப்பது ஆகியவற்றையும் கவனத்தில் வைக்க வேண்டும். பணியிடத்துக்குப் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே தலைமையாசிரியருடன் சென்று ஊர்த்தலைவரை வணங்கி வருவது மிக நல்லது. அந்த ஒரு சந்திப்புக்குப் பிறகு அவர் ஊரின் விருந்தினர் ஆகிவிடுவார். அவருக்கு ஒரு துன்பம் வந்தால் அது ஊருக்கே இழுக்கு என்ற பொறுப்பு மற்றவர்களுக்கு வந்துவிடும்.


கடுனா பொறியாளர் எழுதியது:

ஆசிரியர் ஐயா எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் ஓர் இளம்பெண்ணை சொகோட்டோவுக்குப் போகச் சொல்வது முறையன்று என்பதால் எழுதுகிறேன்.

2011 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பின் வடக்கே வெடித்த கலவரத்தில், பௌச்சி மாநிலத்தில் தேர்தல் பணியில் ஈடுபட்டிருந்த சேவை இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். சேவைப் படையின் சீருடையை அணிந்து, அரசு சொன்ன பணியைச் செய்துகொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். 2023 ஆகஸ்டில், தெற்கே அக்வா இபோம் மாநிலத்திலிருந்து இதே சொகோட்டோ முகாமுக்குப் பேருந்தில் புறப்பட்ட எட்டு இளைஞர்கள், வழியில் சம்ஃபாரா மாநிலத்தில் கடத்தப்பட்டார்கள். அவர்களை மீட்பது பல மாதங்கள் இழுத்தது. போர்னோ மாநிலத்தில் போகோ ஹராம் வன்முறை உச்சத்தில் இருந்தபோது அம்மாநிலத்துக்கான முகாமே பல ஆண்டுகள் வேறு மாநிலங்களில் நடத்தப்பட்டது. இவற்றையெல்லாம் அறிந்த ஒரு தாய் மாற்றல் கேட்கச் சொல்வதில் என்ன தவறு இருக்கிறது? திருமணம், உடல்நலம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்காக மாற்றல் கேட்க விதிமுறையே இடமளிக்கிறது. முகாமின்போதே விண்ணப்பிக்கலாம்.

போவதென்று முடிவு செய்தால், தரைவழிப் பயணத்தைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எனுகுவிலிருந்து அபுஜா வழியாக சொகோட்டோவுக்கு விமானத்தில் போகட்டும். அந்தச் செலவு பெரிதுதான். உறவினர்கள் கூடிப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கு வழியே இல்லையென்றால், பொழுது சாய்ந்த பிறகு பயணம் செய்யாமல், வழியில் உள்ள சேவைப் படை விடுதியிலோ இராணுவக் குடியிருப்பிலோ இரவு தங்கிச் செல்ல வேண்டும். சேவைப் படையே திரும்பத் திரும்ப வலியுறுத்தும் அறிவுரை இது. இளைஞர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பதுதான் என் வருத்தம்.


கானோ ஆசிரியர் எழுதியது:

பொறியாளர் தம்பி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். விமானப் பயணம் பற்றிய அவருடைய கருத்தை அப்படியே வழிமொழிகிறேன்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆபத்து வேறு, பழக்கமின்மை வேறு. இரண்டும் ஒரே மனக்கலக்கமாக வருவதால் குடும்பங்கள் இரண்டுக்கும் ஒரே தீர்வைத் தேடுகின்றன. நெடுஞ்சாலையில் கடத்தல், எல்லையோர மாவட்டங்களில் கொள்ளைக் கும்பல், தேர்தல் காலத்தில் கலவரம் ஆகியவை உண்மையான ஆபத்துகள். பணியிடக் கடிதத்தில் எழுதியிருக்கும் உள்ளாட்சிப் பகுதி அத்தகையதாக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மாற்றல் கேட்க வேண்டும். மாநிலத்தை விட்டே போக வேண்டும் என்பதில்லை. தலைநகரத்துக்குள் வேறு பணியிடம் கேட்கலாம். பள்ளிவாசலின் பாங்கொலி விடியலில் எழுப்புகிறது, மாவைக் கிண்டிச் செய்யும் தூவோ களி தொண்டையில் இறங்க மறுக்கிறது, தெருவில் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்பவை ஆபத்துகள் அல்ல. இவற்றுக்காக மாற்றல் கேட்டு லாகோஸுக்குத் திரும்பி வந்து, ஓர் அலுவலகத்தின் மூலையில் வேலையின்றி உட்கார்ந்து அந்த ஆண்டைக் கழித்தவர்களை நான் அறிவேன். அவர்களுக்கும் அதனால் பயனில்லை. ஆசிரியர் இல்லாமல் காத்திருந்த வடநாட்டு வகுப்பறைக்கும் பயனில்லை.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். பெண் என்பதால் அவருக்கு அங்கே கட்டுப்பாடுகள் கூடுதல் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். உடையில் கட்டுப்பாடு உண்டு. தளர்ந்த நீண்ட ஆடையும் தலைத்துணியும் அணிந்தால் தேவையற்ற பேச்சுகள் குறையும். ஆயினும் ஹவுசா வீடுகளின் உள்முற்றத்துக்கு அந்நிய ஆண் ஒருவரும் போக முடியாது. நான் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் என் மாணவர்களின் வீட்டு முன்னறையைத் தாண்டியதில்லை. ஒரு பெண் கோர்ப்பரோ முதல் மாதத்திலேயே உள்ளே அழைக்கப்படுவார். மாணவிகளின் தாய்மார்கள், பாட்டிமார்கள், மணமாகி வந்த இளம் மருமகள்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்து உட்கார்ந்து விடுவார்கள். எங்கள் பள்ளிக்கு வந்த தென்னாட்டுப் பெண் ஒருவர், வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட மாணவிகளின் வீடுகளுக்குப் போய்த் தாய்மாரிடம் பேசி அவர்களில் சிலரைத் திரும்ப அழைத்து வந்தார். ஆண் ஆசிரியர்கள் எங்களில் யாராலும் செய்ய முடியாத காரியம் அது. அந்த எனுகுப் பெண்ணுக்கு இதை மறவாமல் சொல்லுங்கள்.


ஜோஸ் செவிலியர் எழுதியது:

பிளாட்டோ மாநிலத்தில் மருத்துவமனைப் பணியில் இருந்தவள் நான். ஆண்கள் இருவரும் விட்டுவிட்ட உடல்நலப் பகுதியைச் சொல்கிறேன்.

சொகோட்டோ நாட்டின் மிக வெப்பமான நகரங்களில் ஒன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டுவது இயல்பு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று தூசியைக் கொண்டுவரும்; உதடும் குதிகாலும் வெடிக்கும்; இரவில் எதிர்பாராத குளிர் இருக்கும். எனுகுவின் ஈரக் காற்றில் வளர்ந்த உடலுக்கு இது பெரிய மாற்றம். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்து உறிஞ்சியை இரண்டாகக் கொண்டுபோக வேண்டும். தென்னாட்டுப் பிள்ளைகள் தடித்த போர்வையும் காலுறையும் எடுத்துவர மறந்துவிடுகிறார்கள். வடக்கு என்றால் வெயில் மட்டும்தான் என்று நினைத்து வந்து நடுங்குவார்கள்.

அதைவிட முக்கியமானது மூளைக்காய்ச்சல். செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் மூளைக்காய்ச்சல் வளையத்தினுள் சொகோட்டோ இருக்கிறது. வறண்ட மாதங்களில், நெருக்கமாகப் படுத்துறங்கும் இடங்களில் அது பரவும். முகாம் விடுதி அப்படிப்பட்ட இடம்தான். ஐந்து வகைக் கிருமிகளைத் தடுக்கும் புதிய தடுப்பூசியை 2024 ஏப்ரலில் உலகிலேயே முதலில் பயன்படுத்தத் தொடங்கிய நாடு நைஜீரியாதான். ஆனால் அது வட மாநிலங்களிலேயே தொடங்கியது என்பதால் தெற்கிலிருந்து போகிறவர்கள் புறப்படும் முன் மருத்துவமனையில் கேட்டு, கிடைக்கும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்து விறைப்புடன் காய்ச்சல் வந்தால் அதை மலேரியா என்று தாமே முடிவு கட்டி மாத்திரை விழுங்கிக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. அரிவாள் உயிரணுச் சோகை என்னும் பிறவி இரத்த நோய் உள்ள பிள்ளைகள் சிலர், வெட்கத்தால் அதை முகாமின் மருத்துவப் படிவத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நீரிழப்பும் குளிர்ந்த அதிகாலையும் ஓட்டமும் சேர்ந்து அவர்களைப் படுக்கையில் தள்ளிவிடும். மறைக்காமல் எழுதினால் அணிவகுப்பிலிருந்து விலக்குக் கிடைக்கும். அரசு மருத்துவமனையின் அறிக்கை இருந்தால் உடல்நலக் காரணத்தால் மாற்றலும் கிடைக்கும்.

மனநிலையைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் மருத்துவமனைக்குத் தலைவலி, உறக்கமின்மை, பசியின்மை என்று வந்த சேவை இளைஞர்களில் பலருக்குச் சோதனைகளில் எதுவும் தெரியாது. உட்கார வைத்துப் பேசினால் அழுதுவிடுவார்கள். முகாம் நண்பர்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்துபோய், புதுமை தீர்ந்து, ஊருக்குத் திரும்பும் நாளும் தொலைவில் இருக்கும் அந்த இடைக்காலம்தான் மிகவும் கொடியது. சமூக மேம்பாட்டுப் பணிக்கென வாரத்தில் ஒரு நாள் அப்பகுதியின் சேவை இளைஞர்கள் எல்லோரும் கூடுவார்கள். அந்த நாளை எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது. கிறித்தவ இளைஞர்களுக்கும் முஸ்லிம் இளைஞர்களுக்கும் தனித்தனியே சேவைக் கால அமைப்புகளும் அவற்றுக்கு விடுதிகளும் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உள்ளன. தங்க இடம் கிடைக்காத முதல் இரவில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஊருக்குள் குடியிருக்க வேண்டும் என்ற ஆசிரியர் அண்ணாவின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் தனியாக இருக்கும் ஒரு பெண் அவசரத்துக்குக் கதவைத் தட்ட ஒரு விடுதியாவது தெரிந்திருக்க வேண்டும்.


போர்ட் ஹார்கோர்ட் வாசி எழுதியது:

இதுவரை தெற்கிலிருந்து வடக்கே போகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எதிர்த்திசையில் வருகிறவர்களின் பாடும் சிறிதன்று.

நான் ரிவர்ஸ் மாநிலத்தில் ஆலைப் பணியில் இருக்கிறேன். கட்சினாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவருக்கு இங்கே கழிமுகத்தின் உள்ளே, படகில் மட்டுமே சென்றடையக்கூடிய சிற்றூர்ப் பள்ளியில் பணி கிடைத்தது. நீந்தத் தெரியாதவர். வாழ்க்கையில் முதன்முதலாகப் படகில் ஏறியதே அந்தப் பணியிடத்துக்குப் போகத்தான். அங்கே பள்ளிவாசல் இல்லை. விலங்கு முறைப்படி அறுக்கப்பட்டதா என்று தெரியாததால் இறைச்சியைத் தொடவில்லை. மீன் வாடையும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓயாத மழையில் துணி காயாது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக நகரத்துக்கு வரும்போது எங்கள் ஆலையின் முஸ்லிம் ஊழியர்களுடன் உண்பார். அப்படித்தான் எனக்கு அறிமுகமானார். திரும்பிப் போய்விடுவார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அவரை நிலைக்க வைத்தது ஆற்றோரத்தில் மீன் விற்கும் பெண்கள்தான் என்று அவரே சொல்வார். அவர்களிடம் பிட்ஜின் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். அவர்கள் கணக்கில் ஏமாறுவதைப் பார்த்து, மாலையில் அவர்களுடைய வரவு செலவை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். அவர்கள் அவருக்கென்று வாடையில்லாத மீனைத் தனியே சுட்டு வைக்கத் தொடங்கினார்கள். வடக்கத்தியர் என்றாலே ஐயத்துடன் பார்க்கும் ஊர் அது. மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டபோது படகு ஏற்பாடு செய்து மருத்துவமனைக்கு அழைத்து வந்தவர்கள் அதே பெண்கள். ஊருக்குப் பயன்படும் ஒரு சிறு வேலையை, பணியிடக் கடிதத்தில் இல்லாத ஒன்றை, தானாகக் கண்டுபிடித்துச் செய்கிற இளைஞர் எங்கே போனாலும் நிலைத்துவிடுவார் என்று நான் நம்புவதற்கு அவர்தான் காரணம். நுண்ணுயிரியல் படித்த அந்தப் பெண்ணுக்கு இப்படிப்பட்ட வேலை சொகோட்டோவில் ஏராளமாகக் காத்திருக்கும். கிணற்று நீரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஊரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.


அபுஜா ஆய்வாளர் எழுதியது:

உங்கள் அனுபவங்களை மதிப்புடன் படித்தேன். ஆயினும் இளைஞரின் மனப்பக்குவத்தையே நாம் பேசிக்கொண்டிருப்பது எனக்கு நெருடலாக இருக்கிறது. பழகிக்கொள்ள வேண்டியவர் அந்த இளைஞர் மட்டும்தானா? அவரை ஏற்றுக்கொள்ளும் பணியிடத்துக்குக் கடமை எதுவும் இல்லையா?

பணியிடக் கடிதத்துடன் போய் நிற்கும் பிள்ளைகளை, எங்களுக்கு ஆள் தேவையில்லை என்று திருப்பி அனுப்பும் நிறுவனங்கள் பல. ஏற்றுக்கொள்கிறவர்களிலும் எல்லோரும் தங்குமிடம் தருவதில்லை. சில தனியார் பள்ளிகள், அரசு உதவித்தொகை வருகிறதே என்ற காரணம் சொல்லி, தம் கையிலிருந்து எதுவும் கொடுக்காமல் முழு ஆசிரியரின் வேலையை வாங்குகின்றன. செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் எப்படியோ லாகோஸிலும் அபுஜாவிலும் இடம் பெற்றுவிடுகிறார்கள். கிராமப் பள்ளிக்குப் போவது பெரும்பாலும் யாரும் இல்லாதவர்களின் பிள்ளைகள். நாட்டை ஒன்றிணைக்கும் சுமையை அவர்கள் தோளில் மட்டும் ஏற்றுவது நியாயமா?

உதவித்தொகையைப் பாருங்கள். 2011இல் மாதம் 19,800 நைரா. 2020இல் 33,000 ஆனது. 2024இல் அறிவிக்கப்பட்ட 77,000 நைரா 2025 மார்ச் முதல்தான் கைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில், 2023 நடுவில் நாணய மதிப்பு சரிந்து எரிபொருள் மானியமும் நீக்கப்பட்ட பின், 33,000 நைராவில் ஒரு பிள்ளை அறை வாடகை கொடுத்து, பேருந்தில் போய், உண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்நிய ஊரில் பசி சேர்ந்துகொண்டால் எந்தப் பண்பாட்டு நல்லிணக்கமும் வளராது. புதிய ஊரை வெறுத்துத் திரும்பியதாகச் சொல்கிறவர்கள் பலர் உண்மையில் அந்த ஆண்டின் வறுமையைத்தான் வெறுத்தார்கள் என்பது என் எண்ணம்.


கானோ ஆசிரியர் எழுதியது:

ஆய்வாளர் அம்மா எழுதியதில் மறுக்க எதுவும் இல்லை. செல்வாக்கால் நடக்கும் இடமாற்றம் இந்தத் திட்டத்தை உள்ளிருந்தே அரிக்கிறது. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

பணியிடத்தின் கடமை பற்றி அவர் கேட்டதற்கு என் பள்ளிக் காலத்திலிருந்து பதில் சொல்கிறேன். நல்ல தலைமையாசிரியர் ஒருவர் இருந்தபோது, புதிய கோர்ப்பர் வருவதற்கு முன்பே பள்ளி வளாகத்தில் ஓர் அறையைச் சுண்ணாம்பு அடித்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, நீர்த்தொட்டி நிரப்பி வைப்பார். ஊர் மொழி அறிந்த மூத்த மாணவர் ஒருவரை முதல் மாதம் துணைக்கு வைப்பார். அவர் காலத்தில் எங்கள் பள்ளியை விட்டு ஒரு கோர்ப்பரும் பாதியில் போகவில்லை. அவருக்குப் பின் வந்தவர் எதுவும் செய்யவில்லை. வந்தவர்கள் சில வாரங்களில் மாற்றல் வாங்கிப் போனார்கள். ஊர் மாறவில்லை, வெயில் மாறவில்லை, வந்த பிள்ளைகளும் அதே வகையினர்தான். ஆகவே அந்தப் பெண் பணியிடக் கடிதம் கையில் வந்ததும், முகாமை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, அந்தப் பள்ளியில் அப்போது பணியிலிருக்கும் கோர்ப்பர் யாரையாவது கண்டுபிடித்துத் தொலைபேசியில் பேசட்டும். அறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பள்ளி தனியாக ஏதேனும் தருகிறதா, தலைமை எப்படிப்பட்டது என்று கேட்டுக்கொள்ளட்டும். மாற்றல் கேட்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய, மாநிலத்தின் பெயரைவிட இந்த நான்கு கேள்விகளுக்கான பதில் பயன்படும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தனிமை தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதந்தோறும் நேரில் சரிபார்ப்பு நடக்கும். அதில் பிடிபட்டால் சேவைக் காலம் நீட்டிக்கப்படும். போக வேண்டியிருந்தால் உள்ளாட்சிப் பகுதிக்கான சேவைப் படை அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி பெற்றுப் போகலாம். உண்மையான காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.


லாகோஸ் கணக்காளர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை நேற்று மாலை நண்பரின் வீட்டில் தொலைபேசியை நடுவில் வைத்து, எனுகுவில் இருக்கும் தாய்க்கும் தங்கைக்கும் கேட்கும்படி ஒவ்வொன்றாகச் சொன்னேன். 1966ஐப் பற்றி ஆசிரியர் ஐயா எழுதியதைச் சொன்னபோது தாய் நெடுநேரம் பேசினார். அவருடைய தாத்தா கடுனாவில் தையல்கடை வைத்திருந்தவர் என்பதை அவருடைய பிள்ளைகளே அப்போதுதான் அறிந்தார்கள்.

எடுத்த முடிவு இதுதான். அபுஜா வழியாக விமானத்தில் முகாமுக்குப் போவார். பயணச்சீட்டை அண்ணனும் மாமாவும் பகிர்ந்துகொள்கிறார்கள். பணியிடக் கடிதம் வந்த பிறகு அந்த உள்ளாட்சிப் பகுதியின் நிலையைப் பொறியாளர் வழியாக விசாரித்து, ஆபத்தான பகுதி என்றால் உடனே மாற்றல் கேட்பது, இல்லையென்றால் தங்குவது. தாய் இதற்கு முழுமனதுடன் ஒப்பவில்லை, தடுக்கவும் இல்லை. உள்முற்றத்துப் பெண்களைப் பற்றிய பகுதியைத் தங்கை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அவர் கேட்கச் சொன்ன ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. நோன்பு மாதத்தில் பகலில் உணவுக் கடைகள் மூடியிருக்கும்போது, நோன்பு இல்லாத ஒருவர் பள்ளியில் எப்படி உண்பது?


ஜோஸ் செவிலியர் எழுதியது:

அதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் நோன்பிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். முந்தைய இரவே சமைத்து வைத்துக்கொண்டு, பகலில் தம் அறையிலோ கதவு மூடிய ஆசிரியர் அறையிலோ உண்ணலாம். மாணவர்கள் முன்னிலையிலும் தெருவிலும் உண்பதையும் தண்ணீர் குடிப்பதையும் தவிர்த்தால் போதும். நோன்பு திறக்கும் வேளையில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கஞ்சியும் பொரித்த பயற்று வடையும் வரும். மறுக்காமல் வாங்கிக்கொண்டு, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கத் தாமே நேரில் போகட்டும். சமையலுக்கு ஒரு சிறிய எரிவாயு அடுப்பை சொகோட்டோவிலேயே வாங்கிக்கொள்ளலாம். விமானத்தில் அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.